நுண்துளைச் சுடுமண்ணில் இரும்பு ஆக்சைடு: மூன்று வில்லைகளில் ஒரு சோதனை

களிமண்ணோடு மரத்தூள் கலந்து சுட்டால், தூள் எரிந்துபோன இடமெல்லாம் துளையாக நிற்கும். குவாத்தமாலாவில் 1981-ல் பெர்னாண்டோ மசாரியேகோஸ் வடிவமைத்த நீர் வடிகட்டிப் பானையும் இப்படித்தான் துளை பெறுகிறது. அந்த மண்ணில் இரும்பு ஆக்சைடு சேர்ந்தால் துளைகள் என்னவாகும்? சுட்டே பார்க்கலாம்.

முதலில் கலவை. சீனக் களிமண் 100 கிராம், டீ வடிகட்டியில் சலித்த மரத்தூள் 15 கிராம். இதுபோல மூன்று பங்கு. முதல் பங்கில் எதுவும் சேர்க்காதீர்கள். ஒப்பிட அது கட்டாயம் வேண்டும். அடுத்தவற்றில் சிவப்பு இரும்பு ஆக்சைடு 3 கிராம், 6 கிராம். உமி வேண்டாம். அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. அதுவும் ஓர் ஆக்சைடுதான், கணக்கைக் குழப்பிவிடும்.

ஆக்சைடைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே மண்ணில் ஊற்றுங்கள். கட்டி நின்றால் அந்த இடம் மட்டும் உருகிக் குழியாகிவிடும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், களிமண் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை தட்டி, அடையாளம் கீறி, விட்டத்தைக் குறித்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள்.

சுடுவதில்தான் கவனம் வேண்டும். 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். சூளையின் காற்றுத்துளை திறந்தே இருக்கட்டும். அவசரப்பட்டால் மரத்தூளின் கரி உள்ளே தங்கிவிடும். அந்தக் கரி இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். அப்படி ஆக்சிஜன் குறைந்த இரும்பு ஆக்சைடு மண்ணிலுள்ள சிலிகாவோடு சேர்ந்து சீக்கிரமே உருகி, துளைகளை அடைக்கும். வெளியேற வழியில்லாத வாயு வில்லையை உப்பவைக்கும். அவசரமாகச் சுட்ட என் வில்லையை உடைத்தபோது ஓரம் செம்மண் நிறம், நடுவில் கரிக்கறுப்பு. 600 டிகிரியைத் தாண்டியபின் 1100 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள்.

அளப்பது எளிது. உலர்ந்த எடை எடுங்கள். 5 மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் அதே நீரில் ஊறவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நீர் உறிஞ்சும் சதவீதம்.

அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விட்டத்தையும் பாருங்கள். உறிஞ்சுவது குறைந்து வில்லையும் சுருங்கியிருந்தால் மண் இறுகியிருக்கிறது. சுருங்காமலே குறைந்திருந்தால் துளைகள் உள்ளேயே இருக்கின்றன, வாய்தான் மூடிக்கொண்டது. வடிகட்டிக்கு அது பயன்படாது.

இரும்பு ஆக்சைடுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தால் அதன் வழி வேறு. சுமார் 900 டிகிரிக்குள் கரியமில வாயுவை விட்டுப் புதுத் துளை போடும். அதற்குத் தனியாக மூன்று வில்லை.

கடைசியாக ஒவ்வொன்றையும் உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் துளையின் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவர்போல மங்கலாக இருந்தால் உருகவில்லை. மெருகேறிப் பளபளத்தால் அங்கே உருகியிருக்கிறது.