ஹீப்புக்கு வெளியே நினைவகம்: ஜிசி மொழிகளில் எம்மேப் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோ, ஜாவா, சி ஷார்ப் மொழிகளில் எழுதிய சர்வர் ஒன்றின் ஹீப் (நிரல் ஓடும்போது உருவாக்கும் பொருள்கள் இருக்கும் நினைவகம்) பல ஜிபிக்கு வளர்ந்து, பயன்படாத பொருள்களைத் தேடி விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரே (ஜிசி) சிபியூவில் பெரும்பங்கை எடுக்க ஆரம்பித்ததும் பலருக்கும் ஒரு யோசனை வரும்: பெரிய தரவை மட்டும் ஹீப்புக்கு வெளியே வைத்துவிட்டால் என்ன? நியாயமான யோசனைதான். லினக்ஸில் எம்மேப், விண்டோஸில் வெர்ச்சுவல்அலாக் மூலம் இயங்குதளத்திடமே நேரடியாகக் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் அப்படி வாங்கிய இடத்துக்கு ஜிசி எந்தப் பொறுப்பும் ஏற்காது. அதற்குள் என்ன இருக்கிறது, எப்போது விடுவிக்க வேண்டும் எல்லாமே இனி நிரல் எழுதுபவர் பாடு.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, வெளியே வாங்கிய இடத்துக்குள் ஹீப் பொருளைச் சுட்டும் பாயின்டரை (அதாவது அதன் நினைவக முகவரியை) எழுதிவைப்பது. கோவில் இது கண்ணில் படாமலே நடந்துவிடும். பெயர், வயது என்று இரண்டு புலங்கள் உள்ள ஒரு ஸ்ட்ரக்டை எம்மேப் பகுதியில் எழுதுகிறீர்கள். பெயர் ஒரு ஸ்ட்ரிங். கோவில் ஸ்ட்ரிங் என்பது ஒரு பாயின்டரும் ஒரு நீளமும்தான். எழுத்துகள் ஹீப்பிலேயே இருக்கும், பாயின்டர் மட்டும்தான் வெளியே போகும். எம்மேப் பகுதியை ஜிசி பார்ப்பதே இல்லை. அதனால் அந்த எழுத்துகளை யாரும் பயன்படுத்தவில்லை என்று முடிவுசெய்து இடத்தை விடுவித்துவிடும். சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடும், ஏனென்றால் அந்த இடத்தில் வேறு எதுவும் இன்னும் எழுதப்பட்டிருக்காது. பிறகு ஒரு நாள் ஒருவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்து நிற்கும். நிரல் விழாது, பிழைச் செய்தியும் வராது, தவறான தரவு அமைதியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஸ்லைஸ் (வரிசை), மேப் (சாவி-மதிப்பு அட்டவணை), இன்டர்ஃபேஸ் எல்லாவற்றுக்குள்ளும் பாயின்டர் இருப்பதால் அவற்றுக்கும் இதே கதிதான். ஜாவா, சி ஷார்ப் ஜிசிக்கள் பொருள்களை இடம் மாற்றவும் செய்யும் என்பதால் அங்கே முகவரியைக் குறித்துவைப்பது இன்னும் மோசம். ஆகவே வெளியே வைப்பது எண்கள், நிலையான நீளமுள்ள பைட் வரிசைகள், அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்கிற ஆஃப்செட்கள் ஆகிய இவை மட்டுமாக இருக்கட்டும். ஆஃப்செட் வைத்தால், ஒரு கோப்பை எம்மேப் செய்து அடுத்த முறை அது வேறு முகவரியில் திறந்தாலும் தரவு செல்லுபடியாகும். சந்தேகம் இருந்தால் கோவில் கோஜிசியை (ஜிசி எவ்வளவு அடிக்கடி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 1 ஆக வைத்து, கோடிபக் அமைப்பில் கிளாபர்ஃப்ரீயை 1 ஆக்கிச் சோதனைகளை ஓட்டுங்கள். விடுவித்த இடத்தை ஜிசி வேண்டுமென்றே குப்பையால் நிரப்பும். ஒளிந்திருக்கும் பிழை உடனே வெளிப்பட வாய்ப்பு அதிகம். ஹீப் முகவரியை யூஇன்ட்பிடிஆர் என்ற எண் வகைக்கு மாற்றிச் சேமித்தாலும் இதே சிக்கல்தான்: ஜிசிக்கு அது வெறும் எண்.

அடுத்து, விடுவிப்பது. ஜாவாவில் அலொகேட்டைரக்ட் மூலம் வாங்கும்போது ஹீப்பில் இருப்பது ஒரு சின்னப் பொருள், பெரிய இடம் வெளியே. அந்தச் சின்னப் பொருளை ஜிசி அப்புறப்படுத்தினால்தான் வெளியே உள்ளது விடுபடும். ஹீப்பில் நிறைய இடம் இருந்தால் ஜிசி ஓடவே ஓடாது, வெளியே உள்ளது மட்டும் ஏறிக்கொண்டே போகும். உச்சவரம்பைத் தொட்டதும் ஜேடிகே தானாகவே சிஸ்டம் ஜிசியை அழைத்துப் பார்க்கும். ஆனால் டிஸேபிள்எக்ஸ்ப்ளிசிட்ஜிசி என்ற அமைப்பை யாராவது போட்டுவைத்திருந்தால் அந்த அழைப்பும் வேலை செய்யாது. கிடைப்பது அவுட்ஆஃப்மெமரி பிழை. ஜாவா 22-இல் (2024) முழுமை பெற்ற அரீனாவை (வெளியே வாங்கிய இடங்களைச் சேர்த்து மூடும் வசதி) பயன்படுத்தி, எப்போது மூட வேண்டும் என்பதை நிரலிலேயே எழுதிவிடுவது நல்லது. மூடியபின் தொட்டால் முறையான எக்ஸெப்ஷன் வரும், அது பெரிய நிம்மதி.

கோவில் அந்த நிம்மதி கிடையாது. முன்கூட்டியே விடுவித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு துணை ஸ்லைஸ் வழியாகப் படித்தால் நிரல் முழுவதும் விழும். பிழையிலிருந்து மீள கோவில் வழக்கமாகப் பயன்படும் ரெகவர் அதைப் பிடிக்காது. விழுந்தால்கூடப் பரவாயில்லை. அதே முகவரியில் வேறொரு எம்மேப் வந்து உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாமல் அடுத்தவர் தரவில் எழுதுவீர்கள். இன்னொன்று: எம்மேப் பகுதியை விடுவிக்கும் கோவின் மன்மேப், முதலில் கிடைத்த அதே ஸ்லைஸைத்தான் ஏற்கும். முதல் எட்டு பைட்டை வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்தால் ஈஇன்வால் (தவறான உள்ளீடு) பிழை வரும். அந்தப் பிழையைப் பார்க்காமல் விட்டால் இடம் கசிந்துகொண்டே இருக்கும்.

நினைவகத்துக்கு வரம்பு வைக்கும் ஜாவாவின் எக்ஸ்எம்எக்ஸ், கோவின் கோமெம்லிமிட் இரண்டுமே நீங்கள் எம்மேப்பில் வாங்கியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கன்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு, கோமெம்லிமிட் 1.8 ஜிபி, வெளியே 500 எம்பி என்றால் கர்னல் ஒருநாள் நிரலைக் கொன்றுவிடும். ஸ்டாக் ட்ரேஸ்கூட மிஞ்சாது. வெளியே எவ்வளவு என்று முதலில் தீர்மானித்து, அதைக் கழித்துவிட்டு ஹீப் வரம்பை வையுங்கள். எம்மேப் வெற்றி பெற்றது என்பதாலேயே நினைவகம் கிடைத்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். லினக்ஸ் வழக்கமாக ஒவ்வொரு பேஜையும் (நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்படைத் துண்டு) முதல்முறை தொடும்போதுதான் ஒதுக்கும்.

சின்னச் சின்னப் பொருளுக்கெல்லாம் தனித்தனியாக எம்மேப் அழைப்பதும் கூடாது. எக்ஸ்86-64இல் ஒரு பேஜ் 4096 பைட்; 40 பைட் கேட்டாலும் முழுப் பேஜ் போய்விடும். லினக்ஸில் ஒரு புராசஸுக்கு எம்மேப் பகுதிகளின் எண்ணிக்கை வரம்பு இயல்பாக 65530தான். பெரிய துண்டாக வாங்கி உள்ளுக்குள் பிரித்துக் கொடுங்கள்.

அப்புறம், கோவில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம். கோஜிசி 100 என்றால், உயிரோடு உள்ள ஹீப் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும்போது அடுத்த ஜிசி சுற்று. 4 ஜிபி இருந்தபோது 8 ஜிபி வரை பொறுத்திருந்தது. 3.9 ஜிபியை வெளியே தள்ளிவிட்டால், மீதமுள்ள 100 எம்பி 200 எம்பி ஆனதுமே ஓடும். அதாவது ஏறத்தாழ 40 மடங்கு அடிக்கடி. நீங்கள் தள்ளியது பாயின்டர்கள் நிறைந்த தரவு என்றால் ஒவ்வொரு சுற்றும் மிகச் சிறியதாகியிருக்கும், கவலையில்லை. வெறும் பைட்டுகள் என்றால்? அவற்றை ஜிசி முன்பும் படித்ததே இல்லை. ஒரு சுற்றின் செலவு அப்படியே இருக்க, சுற்றுகள் மட்டும் பெருகும். வேகம் கூட்டப் போய் வேகம் குறையும். வெளியே கொண்டுபோனபின் கோஜிசியை உயர்த்திப் பார்த்தே ஆக வேண்டும்.

இதனால்தான் எம்மேப்பைத் தொடும் முன் ஹீப்புக்குள்ளேயே பாயின்டர்களைக் குறைத்துப் பார்க்கச் சொல்வேன். ஸ்ட்ரிங் சாவியும் பாயின்டர் மதிப்பும் கொண்ட மேப்பை, ஹாஷ் எண்ணிலிருந்து (சாவியிலிருந்து கணக்கிடும் எண்) ஆஃப்செட்டுக்குப் போகும் மேப்பாக மாற்றி, தரவை ஒரே பெரிய பைட் ஸ்லைஸில் வைக்கலாம். இரண்டு சாவிகளுக்கு ஒரே ஹாஷ் வந்து மோதினால் தெரிய, சாவியையும் அந்தத் தரவுடனேயே எழுதிவைக்க வேண்டும். சாவியிலும் மதிப்பிலும் பாயின்டர் இல்லாத மேப்பின் உள்ளடக்கத்தை கோ 1.5 (2015) முதல் ஜிசி அலசுவதில்லை. பல கேஷ்களுக்கு இந்த மாற்றமே போதும்.