கொழும்பில் மரம் தறித்து விறகு விற்பது எப்படி: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், செயின்சோ பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. தறித்த அன்றே ஏற்றி அன்றே விற்றால் நீங்கள் விற்பது தண்ணீர். வாங்கியவர் ஊதி ஊதிக் கண் எரிந்து அடுத்த தடவை வேறு ஆளைத் தேடுவார். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனபோது, காசு கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்காத அந்த நாட்களில், விறகு விற்க இறங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களில் பச்சை விறகை விற்றவர்களை இப்போது காணோம்.

நான் சொல்லப்போவது பெரிய விறகு காலை, அதாவது விறகுக் கடை பற்றி அல்ல. ஒரு செயின்சோ, இரண்டு மூன்று பேர், தேவைப்படும் நாளில் வாடகைக்கு ஒரு பட்டா என்கிற சின்ன லொறி, நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே விறகு அடுக்க ஒரு துண்டு காணி. வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளைப் பக்கம் வீட்டு வளவுகளில் மரம் வெட்டிக் கொடுப்பது, அதில் வரும் விறகைக் காயவைத்து விற்பது. அவ்வளவுதான்.

முதலில் கடதாசி

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். கிராம உத்தியோகத்தரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், பிறகு ஒவ்வொரு பலா மரத்துக்கும் அவர் வாசலுக்குத்தான் போகப்போகிறீர்கள். ஏன் என்றால் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்க விடாது. "என் வளவு, என் மரம்" என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் வாளை வெளியே எடுக்க வேண்டும்.

மரக்குற்றிகளை லொறியில் ஏற்றிப் போவதற்குத் தனியாகப் போக்குவரத்து அனுமதி இருக்கிறது. எந்த மரத்துக்கு அது வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் நேரே போய்க் கேட்டு, பட்டியலை வாங்கி லொறியிலேயே வையுங்கள். விறகோடு பலகையும் குற்றியும் விற்கிற எண்ணம் இருந்தால் அங்கேயே பதிவும் எடுக்க வேண்டும். அப்புறம் செயின்சோ. 2019 இல் அதை வைத்திருந்தவர்களை எல்லாம் பொலிஸில் பதியச் சொன்னார்கள். பழைய மெஷின் வாங்குவதென்றால் அந்தப் பதிவைக் கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வேலையைப் பார்க்கப் போகும்போது

போனில் விலை சொல்லாதீர்கள். படம் அனுப்பினாலும் சொல்லாதீர்கள். படத்தில் மரம் தெரியும், மரத்துக்குப் பின்னால் இருக்கும் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் சீற்றுத் தெரியாது.

நேரில் போனதும் முதலில் கேட்க வேண்டியது மரம் யாருடையது என்று. மதிலுக்கு வெளியே வீதியோரத்தில் நின்றால் அது மாநகர சபைக்கோ வீதிக்குப் பொறுப்பான வேறு அரச அலுவலகத்துக்கோ உரியது, வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் தொடக்கூடாது. 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பயம் சனங்களுக்கு இன்னும் இருக்கிறது, மழை இருட்டினால் போன் வரும். பயத்தில் கூப்பிடுகிறவரிடம் முறைப்பாட்டை எழுதி மாநகர சபையில் கொடுக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் எழுதவும் உதவுங்கள். அந்த வீட்டு மா மரத்தின் கொப்பை வெட்டும் வேலை பிறகு உங்களுக்குத்தான் வரும்.

அடுத்தது மின்கம்பி. கொப்பு கம்பியைத் தொடுகிறது, அல்லது விழுந்தால் தொடும் என்றால் மின்சாரம் கொடுக்கிறவர்களுக்கு அறிவித்து லைனை நிறுத்தாமல் வேலை இல்லை. ஈரக் கொப்பு மின்சாரத்தைக் கடத்தும், அலுமினிய ஏணியும் கடத்தும். இதில் "கொஞ்சம் பார்த்துச் செய்வோம்" என்ற பேச்சே வேண்டாம்.

கடைசியாக, வெட்டியதை எந்த வழியால் வெளியே கொண்டுவருவது என்று நடந்து பாருங்கள். நான் இதில்தான் மாட்டினேன். தொடங்கிய வருடம், வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டின் பின்பக்கம் பெரிய மா மரம். அந்த வீட்டு அன்ரி, "தம்பி, மரத்த நீங்களே கொண்டு போங்கோ, பிறகென்னத்துக்குக் கூலி?" என்றார். இவ்வளவு விறகு சும்மா வருகிறதே என்று நானும் சரி என்றேன். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த வழி மூன்றரை அடி. ஒவ்வொரு குற்றியையும் தோளில் வைத்து, பக்கவாட்டில் நடந்து, மூன்று நாள். லொறி வாடகை, ஆட்களுக்குச் சம்பளம், உடைந்த இரண்டு சீற்று எல்லாம் என் கையிலிருந்து. மாவிறகு சுமாரான விறகுதான், காய்ந்து காசாக மாறியபோது அந்தக் கணக்கில் பாதிகூடத் திரும்பவில்லை.

அதனால் விலை இப்படிப் போடுங்கள்: ஏறுகிற ஆளின் கூலி, கீழே நிற்பவர்களின் கூலி, லொறி எத்தனை நடை, பெற்றோல், ஒயில், செயின் தேய்மானம், அப்புறம் இலை தழையை அப்புறப்படுத்தும் செலவு. விறகை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மரத்தை வெட்டுவதற்குக் கூலி, விறகு தனி வியாபாரம். பேசிய விலையில் விறகு யாருக்கு, தழை யாருக்கு, அடிக்கட்டை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பலாக் குழை என்றால் ஆடு வளர்க்கிறவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், மற்றதெல்லாம் செலவுதான்.

வெட்டுவது

இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. நல்ல ஏறுகாரர் ஒருவரோடு ஆறு மாதம் கீழே நின்று கயிறு பிடியுங்கள். நான் இங்கே சொல்வது, அவர் செய்வது ஏன் என்று உங்களுக்குப் புரிவதற்காக.

கொழும்பில் ஒரு மரத்தை அடியில் வெட்டி முழுதாகச் சாய்க்க இடம் கிடைப்பது அபூர்வம். மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதுதான் வழக்கம். பாரமான கொப்பை ஒரே வெட்டில் அறுத்தால் பாதி அறுபடும்போதே அது முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். அதனால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கொப்பு போன பிறகு மிஞ்சிய கட்டையைத் தண்டோடு சேரும் அந்தப் புடைப்பை விட்டுவிட்டு மூன்றாவது. புடைப்பையும் சேர்த்து மழித்துவிட்டால் காயம் மூடாது, உள்ளே உக்கத் தொடங்கும்.

இடம் இருந்து சாய்க்க முடிந்தால், விழ வேண்டிய பக்கத்தில் தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று, கூடினால் நாலில் ஒன்று ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டி, பிறகு பின்பக்கமிருந்து அறுக்க வேண்டும். நடுவில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும், அதுதான் பிணைச்சல். கதவு போல அதில் திரும்பித்தான் மரம் விழும். அதையும் அறுத்துவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று மரமே தீர்மானித்துக்கொள்ளும். ஓட வேண்டிய வழியை முன்கூட்டியே துப்புரவாக்கி வையுங்கள், நேர்பின்னால் அல்ல, பின்பக்கம் சரிவாக. தென்னைக்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், அது நார்க்கட்டு. உச்சியிலிருந்து இறக்குவதே நல்லது.

செயின்சோ பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் மூக்கு, அதிலும் மூக்கின் மேல் பாதி, எதிலாவது தட்டினால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, கால் கவசம் இல்லாதவரை வேலைக்கு எடுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவும் விடாதீர்கள். எரிபொருள் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ ஸ்ரோக் ஒயில், மெஷின் புத்தகத்தில் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதன்படி. மா மரம் என்றால் ஏறுவதற்கு முன் முசுறுக் கூடும் குளவிக் கூடும் பாருங்கள். முசுறு கடித்துக் கையை உதறினவர் கயிற்றையும் விட்டுவிடுவார்.

காயவைப்பது

பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். முழுக் குற்றியாகப் போட்டால் பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், காய்வதற்குள் கறையான் வந்துவிடும். கீழே செங்கல் அல்லது பழைய கம்பி வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்து இருக்க வேண்டும். தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், உள்ளே பூஞ்சணம் வெள்ளையாக நிற்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் நல்லாக வேலை செய்யும், மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதே விறகு இரண்டு மடங்கு நாள் எடுக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை. ஆகவே மழைக்கால விற்பனைக்கான விறகை மார்ச்சிலேயே அடுக்கி முடித்திருக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். "டக்" என்று தெளிவாகக் கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் இன்னும் தண்ணீர். வெட்டு முகத்தில் வெடிப்புகளும் ஓடியிருக்கும்.

நகரத்து வளவு மரங்கள் மட்டும் போதாது. களுத்துறை, அவிசாவளைப் பக்கம் தோட்டங்களில் வயதான இறப்பர் மரங்களைப் பிடுங்கும்போது மொத்தமாக வாங்கலாம். இறப்பர் இலகுவாகப் பிளக்கும், சீராக எரியும், ஆனால் மழையில் விட்டால் சீக்கிரம் உக்கும். பட்டை உரித்த கறுவாத் தடி கிடைத்தால் விடாதீர்கள். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் பலெட் பலகையில் HT முத்திரை இருந்தால் சூடாக்கியது, MB என்றிருந்தால் மீதைல் புரோமைட் புகையடித்தது, அதைச் சமையல் விறகில் கலக்கவே கூடாது. பெயின்ற் அடித்த பலகையும் அப்படித்தான்.

விற்பது

மொத்தமாகக் கேட்பவர்கள் கியூப் கணக்கில் கேட்பார்கள். ஒரு கியூப் 100 கன அடி. பத்து அடி நீளம், ஐந்து அடி உயரம், இரண்டு அடி விறகு நீளம் என்று அடுக்கினால் சரியாக ஒரு கியூப், நாடா பிடித்து வாங்குகிறவர் முன்னாலேயே காட்டலாம். லொறியில் எறிந்து குவித்த விறகை கியூப் என்று விற்காதீர்கள், உள்ளே காற்று அதிகம், அவர் வீட்டில் அடுக்கிப் பார்த்தால் உங்கள் பெயர் கெடும்.

பாண் போறணைக்காரர் நீட்டு விறகு கேட்பார், வாரம் தவறாமல் எடுப்பார், ஆனால் கடன் சொல்வார். கல்யாணத்துக்குப் பிரியாணி போடுகிறவர்களுக்குத் தணல் நிற்கிற கனமான கட்டை வேண்டும். வீட்டுக்கு ஒரு அடித் துண்டு, கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் கொஞ்சம் சிராம்பும் நாலு சிரட்டையும் வைத்துக் கொடுங்கள். மூட்டுவதற்கு இலகுவாக இருந்தால் காசைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். தைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே தென்னம்பாளையும் மட்டையும் சேர்த்து வையுங்கள், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அந்த இரண்டு நாள் கேட்ட விலைக்குப் போகும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் தினமும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார்கள், முப்பது நாளும் விறகு வேண்டும். அதற்கு நோன்பு தொடங்கிய பிறகு போய்ப் பிரயோசனம் இல்லை, ஒரு மாதம் முன்பே ஒரு கட்டு மாதிரியோடு போய், அவர்கள் அடுப்பிலேயே மூட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.