சுழலும் புள்ளியைக் கோள் என்று எண்ணாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நட்சத்திரங்களின் ஒளியை அளக்கும் டெஸ் விண்கலத்தின் தரவை இறக்கி இளம் கோள் தேடுகிறார்கள். கோள் நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும்போது ஒளி சிறிது குறையும்; அந்தக் குறைவு சீராகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தரவும் இலவசம், அதைத் திறக்கும் லைட்கர்வ் என்ற பைதான் தொகுப்பும் இலவசம். கோப்பு மாறிப்போவது, நேரக் கணக்குப் பிசகுவது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். நாங்களும் தொடக்கத்தில் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறோம்.

சீராகத் திரும்பி வந்தால் கோள்தான் என்று முடிவு கட்டுவது

முட்டம் கரையில் நின்றால் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சீராக வந்து வந்து போகும். அதனால் விளக்கைச் சுற்றி ஆள் நடக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. நட்சத்திர ஒளியின் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் ஏனோ அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

இளம் நட்சத்திரம் சில நாளிலேயே தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதன் முகத்தில் பெரிய கரும்புள்ளிகள் உண்டு. புள்ளி நம் பக்கம் திரும்பும்போது ஒளி குறையும், மறைந்ததும் கூடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையிலும் இதே வம்புதான்: புள்ளி ஒரு பக்கத்து ஒளியைக் குறைத்ததும் அதிலுள்ள கோடுகள் கோணி, கோள் இழுத்து நட்சத்திரம் ஆடுவதுபோலத் தோன்றும்.

தேர்ந்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். டிடபிள்யூ ஹைட்ரே நட்சத்திரத்தை 3.56 நாளுக்கு ஒருமுறை ஒரு கோள் சுற்றுவதாக 2008இல் அறிவித்தார்கள். வியாழனைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு நிறை என்றும் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு வேறு குழு அகச்சிவப்பில் அளந்தபோது அந்த ஆட்டம் காணாமல் போயிற்று. கோள் இழுத்திருந்தால் எந்த நிறத்தில் அளந்தாலும் ஆட்டம் ஒரே அளவில் இருக்கும். புள்ளியின் கருமையோ அகச்சிவப்பில் அவ்வளவாக எடுபடாது. 2016இல் அறிவித்த வி830 டௌரி கோளையும் 2020இல் புதிய அளவீடுகளில் காணமுடியவில்லை.

ஆகவே முதலில் நட்சத்திரத்தின் சுழற்சிக் காலத்தைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். அதன் பாதியையும் மூன்றில் ஒன்றையும் பக்கத்தில் குறியுங்கள். எதிரெதிரே இரண்டு புள்ளி இருந்தால் பாதிக் காலமே முந்தித் தெரியும். உங்கள் கோள் இந்த எண்களில் ஒன்றில் வந்து உட்கார்ந்தால் நம்பாதீர்கள். புள்ளி சீக்கிரம் கலைந்துவிடும் என்றும் இருந்துவிட வேண்டாம், மாதக்கணக்கில் நிலைப்பதுண்டு.

ஏயு மைக் என்ற இளம் நட்சத்திரம் நல்ல பாடம். நட்சத்திரம் சுழல்வது 4.86 நாளில், அதனால் வரும் ஒளியின் ஏற்ற இறக்கம் சில சதவீதம், மெதுவாக ஏறி இறங்கும். 2020இல் அறிவித்த கோள் சுற்றுவது 8.46 நாளில். அது குறுக்கே கடக்க மூன்றரை மணி நேரம்தான், ஒளி குறைவது 0.26 சதவீதம்.

தயார் அமைப்பிலேயே சமன் செய்வது

புள்ளியின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்குவதே சமன்செய்வது. அதற்கு லைட்கர்வ் தானாக எடுத்துக்கொள்ளும் சாளரம், அதாவது ஒரு நேரத்தில் சேர்த்துப் பார்க்கும் துண்டு, 101 அளவீடு. இரண்டு நிமிடத் தரவில் அது 202 நிமிடம், அதாவது ஏறத்தாழ கோள் கடக்கும் நேரமேதான். புள்ளியோடு கோளையும் சேர்த்து வழித்தெடுத்துவிடும். 401 என்று மாற்றினால் 13 மணி நேரத்துக்கு மேல் வரும், கோளால் வரும் ஒளிக்குறைவு பிழைக்கும். நட்சத்திரத்தின் தீப்பிழம்பு வெடிப்புகளை நீக்கும்போது மேலே துள்ளும் அளவீடுகளை மட்டும் வெட்டுங்கள்; கீழே இறங்குபவை கோளாக இருக்கலாம்.

தட்டில் இடைவெளி கண்டதும் கோள் என்பது

எச்எல் டௌரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சூழ்ந்த தூசுத் தட்டை ஆல்மா தொலைநோக்கி 2014இல் படம் பிடித்தபோது வளையம் வளையமாக இடைவெளிகள் தெரிந்தன. கோள் தூசைத் துடைத்திருக்கலாம்; நீரோ கார்பன் மோனாக்சைடோ உறையும் எல்லையில் துகள்களின் அளவு மாறியும் அப்படித் தோன்றலாம். பிடிஎஸ் 70 நட்சத்திரம் வேறு. அங்கே இடைவெளிக்குள் கோளே 2018இல் படத்தில் விழுந்தது. அதன்மேல் வாயு விழுவதால் எழும் ஹைட்ரஜனின் சிவப்பொளியும் பின்னர் கிடைத்தது.

வயது தெரியாமல் நிறை சொல்வது

இளம் கோள் உருவான சூட்டிலேயே ஒளிர்ந்து, நாளாக ஆக மங்கும். ஒளியையும் வயதையும் வைத்தே நிறையைக் கணக்கிடுவதால், வயது தப்பினால் நிறையும் தப்பு.

ஆடியில் ஏயு மைக் பார்க்கக் கிளம்புவது

மேகம்தான் தெரியும். புரட்டாசியில், மழை விட்ட இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் நிற்கும். ஆறு அங்குலத் தொலைநோக்கிக்கு அந்த 0.26 சதவீதம் சிக்குவது கடினம். பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டு, இரவுக்கு ஓர் அளவீடாகப் பத்து இரவு எடுத்தால் புள்ளியின் 4.86 நாள் அலை கிடைக்கும்.