முழுசாகக் கட்டிவிட்டு அப்புறம் இடியுங்கள்: 1/35 டயோரமாவுக்கு ஒரு சிதைந்த கட்டடம்

டயோரமா என்றால் நிலம், கட்டடம், ஆட்களோடு சின்ன அளவில் செய்யும் ஒரு மாதிரிக் காட்சி, 1/35 என்றால் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. டாங்கி நன்றாக இருக்கும், சிப்பாய்களுக்கு முகம்கூட அழகாக வந்திருக்கும், பின்னால் நிற்கிற இடிந்த வீடு மட்டும் பிஸ்கட்டைக் கடித்து நிறுத்தின மாதிரி இருக்கும். நிறைய டயோரமாக்களில் பார்க்கிற விஷயம் இது. இடிந்த வீட்டை நேரடியாக இடிந்த வீடாகவே செய்யப் பார்ப்பதுதான் காரணம். நிஜத்தில் முதலில் ஒரு முழு வீடு இருந்தது, தளமும் உத்தரமும் இருந்தன, யாரோ சுவரில் ஆணி அடித்து எதையோ மாட்டியிருந்தார்கள், அப்புறம்தான் குண்டு விழுந்தது. செய்யும்போதும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். பேப்பரில் முழு வீட்டையும் வரைந்து, அதில் எது விழுந்தது, விழுந்தது எங்கே கிடக்கிறது என்று குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய போர்ப் படங்கள் வேண்டியதுதான். ஆனால் அவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, தூரத்திலிருந்து எடுத்தவை. கிட்டத்தில் பார்க்க நம் ஊரே போதும். ரோடு அகலப்படுத்தப் பாதி வீட்டை இடித்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கும் இடம் கோவையிலும் திருப்பூரிலும் எப்போதும் ஒன்றாவது இருக்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு அறை நீலச் சுண்ணாம்பு, அடுத்த அறை வெளிர் பச்சை, இரண்டுக்கும் நடுவில் இடித்த குறுக்குச் சுவரின் தடம் ஒரு பட்டையாகச் செங்கல் தெரிய நிற்கும். அடுப்படிச் சுவரில் மேலே போகப் போகப் புகைக்கரி. காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுக்காமல் ஒரு சதுரம், அதன் மேலே ஆணி. மரச்சட்டம் செருகியிருந்த குழிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக. கீழே குவிந்திருக்கிற கல்லும் மண்ணும் சுவரோடு ஒட்டின இடத்தில் உயரமாகவும் வெளியே வர வரச் சரிந்தும் இருக்கும், எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத் தூசி. உங்கள் டயோரமாவில் வர வேண்டியதெல்லாம் அந்த ஒரு சுவரில் இருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக உடைந்த ஓரங்களை.

ஆனால் பார்ப்பது மட்டும்தான் இங்கே, அளவும் பொருளும் அந்தந்த ஊருடையதாக இருக்க வேண்டும். ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் 1942 என்றால் சிவப்புச் செங்கல், தடித்த சுவர். பிரான்ஸின் நார்மண்டியில் கான் நகரம் 1944 என்றால் வெளிறிய மஞ்சள் கலந்த சுண்ணாம்புக்கல். இத்தாலியின் காசினோ ஊர் என்றால் ஒழுங்கில்லாத கல்லை வைத்துக் கட்டி மேலே பூசின சுவரும், பாதிக் குழாய் மாதிரி வளைந்த ஓடும். 1944 பிப்ரவரியில் இந்திய 4-வது டிவிஷன் அங்கே சண்டை போட்டது என்பதால் நம் ஆட்கள் பலருக்கும் அந்தக் களத்தில் கை வைக்க ஆசை இருக்கும், செய்யலாம், தயவுசெய்து கூரையில் தட்டையான மங்களூர் ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். இங்கே நான் சொல்லப்போவது ஸ்டாலின்கிராட் செங்கல் கட்டடத்தின் ஒரு மூலை. முதல் கட்டடத்துக்கு அதுதான் லேசு.

கணக்கு எளிது, எல்லாவற்றையும் 35 ஆல் வகுக்க வேண்டும். சோவியத் செங்கல் 250 x 120 x 65 மி.மீ., அதாவது உங்களுக்கு சுமார் 7 மி.மீ. நீளம், 3.5 அகலம், 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான உயரம். நம் சூளைச் செங்கல்லை அளந்து வகுத்தால் வேறு கணக்கு வரும். ஒன்றரைச் செங்கல் சுவர் 38 செ.மீ., அது 11 மி.மீ. கதவு 2.1 மீட்டர் என்றால் 60 மி.மீ. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் வைத்தால் 86 மி.மீ. அமெரிக்க ஷெர்மன் டாங்கியே 78 மி.மீ. உயரம்தான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மாடி வீடு டாங்கிக்குப் பக்கத்தில் எவ்வளவு உயரமாக நிற்க வேண்டும் என்பது புரியும். பெரும்பாலானவர்கள் வீட்டைக் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள், சுவரையும் அட்டை மாதிரி மெலிசாக வைத்துவிடுகிறார்கள். சுவர் தடிமன்தான் கட்டடத்துக்குக் கனம் கொடுப்பது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு (இரண்டு பக்கமும் பேப்பர் ஒட்டின ஃபோம் பலகை) இரண்டு, ஒட்டினால் சரியாக அந்த 11 மி.மீ. பக்கம் வந்துவிடும். வெளிப்பக்கப் பேப்பரை ஈரத் துணியால் நனைத்து உரித்துவிடுங்கள், உள்ளே இருக்கிற ஃபோமில் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துப் படுக்கைக் கோடுகளைப் போட்டு, அப்புறம் நிற்கும் கோடுகளைக் கையாலேயே போடலாம். செங்கல்லின் நீளப்பக்கம் தெரியும் வரிசையும் தலைப்பக்கம் தெரியும் வரிசையும் மாறி மாறி வரட்டும், எல்லா வரிசையும் நீளப்பக்கமாகவே போட்டால் அது அரைக்கல் தடிமன் சுவராகிவிடும். இன்சுலேஷனுக்குப் போடும் நீல போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணத் தெர்மாக்கோல் வேண்டாம், முத்து முத்தாக உதிரும், கோடு நிற்காது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிச் செய்வதும் உண்டு, உடைத்தால் நிஜமாகவே உடைந்த மாதிரி இருக்கும், ஆனால் கனம், ஊற்றும் அச்சு, காய விடுவது என்று வேலை அதிகம். சுவரை ஃபோமிலும், இடிபாட்டுக்கு மட்டும் பிளாஸ்டரும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இப்போது இடிக்கலாம். இரண்டு சுவர் சேரும் மூலைதான் கடைசி வரை நிற்கும், ஏனென்றால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருப்பது சீக்கிரம் போய்விடும். அதனால் மூலை உயரமாக, இரண்டு பக்கமும் படி இறங்குவது போலக் குறையட்டும். உடைந்த ஓரத்தைக் கத்தியால் ஒரே இழுப்பாக வெட்டவே கூடாது. செங்கல் சுவர் பெரும்பாலும் சாந்தில்தான் விடும், ஆகவே ஓரம் கல் கல்லாக, அரைக்கல் முக்கால்கல்லாகப் பல் பல்லாக இருக்க வேண்டும், மேல்பரப்பிலும் செங்கல் கோடுகள் தெரிய வேண்டும். குண்டு துளைத்த ஓட்டை அடிபட்ட பக்கம் சின்னதாகவும், மறுபக்கம் செதில் பெயர்ந்து பெரிதாகவும் இருக்கும். தோட்டாப் பொட்டுகளைக் கண்டபடி தெளிக்காதீர்கள், சண்டை நடந்தது ஜன்னலுக்கும் வாசலுக்கும், அதைச் சுற்றித்தான் அடர்த்தி.

உள்பக்கச் சுவருக்கு வால் புட்டி. நிஜத்தில் இரண்டு செ.மீ. பூச்சு என்றால் இங்கே அரை மி.மீ. சொச்சம், அதனால் மெலிசாக இழுத்து, பாதி காய்ந்ததும் அங்கங்கே பெயர்த்துவிட்டால் அடியில் செங்கல் தெரியும். தளத்துக்கு ஐஸ் குச்சியை நீளவாக்கில் கீறிப் பலகை ஆக்கலாம், அதைத் தாங்கும் சட்டங்கள் 17 மி.மீ.க்கு ஒன்று. தளம் முழுக்க விழுந்துபோன இடத்திலும் சட்டம் செருகின குழியைக் குடைந்து வையுங்கள், ஒன்றிரண்டில் கருகின கட்டை நுனி துருத்திக்கொண்டிருக்கட்டும். தொங்குகிற கரண்ட் ஒயருக்கும், தொழிற்சாலை காங்கிரீட் என்றால் உள்ளே இருக்கும் கம்பிக்கும், மோட்டார் காயில் கட்டும் கடையில் வெட்டிப் போட்ட தாமிரக் கம்பியைக் கேளுங்கள். பம்புசெட் ஊரில் அதற்கா பஞ்சம், ஒரு கை நிறையச் சும்மாவே கொடுப்பார்கள்.

இடிபாட்டுக் குவியல்தான் எல்லோரும் அவசரப்படும் இடம். சுவரில் காணாமல் போனதெல்லாம் கீழே இருந்தாக வேண்டும், உடைந்த கல் அடுக்கின கல்லைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் நீங்கள் நினைப்பதைவிடக் குவியல் பெரிசாகவே வரும். அடியில் தெர்மாக்கோல் துண்டுகளால் மேடு கட்டுங்கள், சரிவு 35 டிகிரியைச் சுற்றி இருக்கட்டும். மேலே முதலில் பெரிய சுவர்த் துண்டுகள், பூச்சோடு ஒட்டினபடியே, அப்புறம் மரச்சட்டங்கள், தகரம், அப்புறம் தனிக் கற்கள், கடைசியாகச் சலித்த செங்கல் தூளும் பிளாஸ்டர் தூளும். தனிக் கற்களை ஃபோமில் 7 x 3.5 x 2 மி.மீ. அளவில் நிறைய வெட்டி, ஒரு டப்பாவில் சின்னச் சின்னக் கூழாங்கற்களோடு போட்டுக் குலுக்கினால் முனை மழுங்கிவிடும். தூளை ஒட்ட ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் தூளின் மேலேயே உருண்டு நிற்கும். ஒட்டும் முன் நடுவில் ஒரு கட்டில் சட்டமோ அடுப்போ வைக்கலாம், ஒன்று போதும். எங்கள் அப்புச்சி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதையே நல்ல வீடாக் கட்டி வெச்சா ஆகாதா?" என்றார். நல்ல வீட்டுக்கு இவ்வளவு வேலை கிடையாது அப்புச்சி.

பெயின்ட். ஃபோமின் மேல் நேரடியாக ஸ்ப்ரே கேன் அடித்தால் கரைந்து போகும், முதலில் கறுப்பு கலந்த பழுப்பு அக்ரிலிக்கில் ஃபெவிகால் சேர்த்து இண்டு இடுக்கெல்லாம் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். காய்ந்ததும் செங்கல் நிறத்தை ட்ரை பிரஷ்ஷாக, அதாவது பெயின்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால், பக்கவாட்டில் இழுத்து, பிறகு நான்கைந்து சாயல் கலந்துகொண்டு, கொஞ்சம் ஆரஞ்சு, கொஞ்சம் ஊதா கலந்த கருஞ்சிவப்பு, கொஞ்சம் மங்கிய மஞ்சள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்களைத் தனித்தனியே தொடுங்கள். சலிப்பான வேலைதான், பாட்டு போட்டுக்கொள்ளுங்கள். சாந்துக்கு வால் புட்டியில் துளி மஞ்சளும் சாம்பலும் சேர்த்துத் தண்ணியாகத் தடவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் கோட்டில் மட்டும் தங்கும். அதற்கு மேல் ஆயில் பெயின்ட் பழுப்பை டர்பன்டைனில் கரைத்து ஒரு வாஷ் (தண்ணியான மேல்பூச்சு), ஆனால் ஃபோம் மூடாமல் எங்காவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஏனென்றால் டர்பன்டைனும் அதை அரிக்கும். புதிதாக உடைந்த ஓரம் சுவரைவிடப் பளிச்சென்று இருக்கும், அதைக் கறுப்பாக்காதீர்கள். பாசியும் செடியும் வருஷக்கணக்கில் நின்ற இடிபாட்டுக்குத்தான். கரி ஜன்னலுக்கு மேலே ஏறும், கீழே வழியாது, புகை போகும் திசையை மறந்து சுற்றிலும் கறுப்பு அடித்த ஜன்னல்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

கடைசி அடுக்கு தூசி. சாம்பலும் இளமஞ்சளும் கலந்த சாக் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, மேல்நோக்கி இருக்கும் பரப்பெல்லாவற்றிலும் மெத்தென்ற பிரஷ்ஷால் வையுங்கள், நிற்கும் பரப்பில் குறைவாக. ஆடி மாதத்தில் செய்கிறீர்கள் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் தூளை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடும். மேலே வார்னிஷ் அடித்தால் பாதித் தூசி காணாமல் போகும், அதனால் தூளை வைத்த பிறகு ஓரங்களில் மட்டும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டுப் படியவைத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். மிச்சத் தூளைக் கொட்டிவிடாதீர்கள், டாங்கியின் செயினுக்கும் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் முழங்காலுக்கும் அதே தூளைத்தான் தடவ வேண்டும்.