அந்தி நேரத்து மானும் வாங்கக் கூடாத பைனாகுலரும்

சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பறம்பிக்குளத்துக்குப் போகிற ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது புதுப் பைனாகுலரோடு வந்து, அதன் மேல் அச்சிட்டிருக்கும் 30 என்ற எண்ணைப் பெருமையாகக் காட்டுகிறார். சித்தூர்த் தாலுகாவிலிருந்து பல ஆண்டுகளாக வனவிலங்குக் கணக்கெடுப்புக்கு உதவப் போகிற எனக்கு அவரைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, என்னையே பார்ப்பது போல் இருக்கிறது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை அவரவரே ஒரே நாளில் திருத்திக்கொள்வதால் அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

பெருக்கத்தைப் பார்த்து வாங்குவது

நான் முதலில் வாங்கியது 10-30x50 ஜூம் வகை: பெருக்கத்தை 10 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை திருகி மாற்றலாம், x-க்குப் பின்னால் இருக்கும் 50 முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் நண்பகலில் வாசலுக்கு அழைத்துப்போய் எதிர்த்தெருவின் பெயர்ப்பலகையைக் காட்டினார், எழுத்துகள் கண் முன்னே வந்து நின்றன, பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதே வாரம் தூணக்கடவு நீர்த்தேக்கக் கரையில், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகு, அதைக் கண்ணில் வைத்தபோது சாம்பல் நிறக் கலங்கலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வனத்துறை வாட்சர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சாரே, அதை இறக்கி வெச்சுட்டு வெறுங்கண்ணால பாருங்க, ஆறு கடமான் நிக்குது, ஒண்ணு குட்டி” என்றார். குட்டி இருந்த இடத்தை அவர் விரலால் காட்டிய பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண் வைக்கும் பக்கத்தில் வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். என்னுடையதை 30க்குத் திருகினால் அது 1.7 மி.மீ. தான், 8x42 பைனாகுலரில் அது 5.25 மி.மீ. வெயிலில் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது, கடை வாசலில் ஏமாறுவது இதனால்தான். இருட்டத் தொடங்கியதும் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரிகிறது; அப்போது 30இல் தெரியும் காட்சியின் வெளிச்சம் 8x42 தருவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். 10இல் நிறுத்திக்கொண்டால் 5 மி.மீ. கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் 30க்கு ஆசைப்பட்டு வாங்கியவன் 10இல் நிறுத்த மாட்டான். தவிர, அந்தப் பெருக்கத்தில் கையின் நடுக்கமும் முப்பது மடங்காகத் தெரிகிறது.

ஆகவே அந்தி நேரத்துக்கு 8x42 போதும். வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவு குறைவதால், ஐம்பதைத் தாண்டியவர்கள் 7x50 வாங்கிக் கழுத்தில் சுமப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை. வாங்குமுன் பைனாகுலரைக் கை நீட்டிய தூரத்தில் வெளிச்சமான சுவருக்கு எதிரே பிடித்து, கண்வில்லையில் தெரியும் வட்டத்தைப் பாருங்கள்; அது சிறியதாகவோ ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிவப்பாக மின்னும் லென்ஸ்

சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புவதால்தான் அப்படி மின்னுகிறது. மாலையில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது, மானும் பச்சை பூத்துத் தெரிகிறது.

ஒளிரும் குறி

துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் எஸ்டேட் நண்பர் ஒருவர், வெளிநாடுகளில் மான் வேட்டைக்குப் பயன்படுத்தும், குறிபார்க்கும் கோடு (குறிக்கோடு) ஒளிரும் துப்பாக்கி ஸ்கோப் இருட்டிலும் மானைக் காட்டுமா என்று கேட்டார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, பேட்டரியில் எரிவது குறிக்கோடு மட்டுமே, காட்சி அல்ல என்று விளக்கினேன். கறுத்த உடல் மீது கறுப்புக் கோடு மறைந்துபோகும் சில நிமிடங்களுக்கு அது உதவும். லென்ஸ் தராத வெளிச்சத்தை அதனால் தர முடியாது. கோட்டை அளவுக்கு மீறி ஒளிரவிட்டால் கண் கூசி, தெரிந்துகொண்டிருந்த மானும் தெரியாமல் போகும்.

டார்ச்

அடிக்காதீர்கள்.

தோல் உறை

தென்மேற்குப் பருவமழை முடியும்வரை பைனாகுலரை அதில் மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். என் பழைய 10-30x50 தோல் உறையில்தான் கிடக்கிறது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.