பிர்ஃபெனிடோன் போடுகிறீர்களா? முதலில் தட்டைப் போடுங்கள்

லங் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலில் தழும்பு விழும் நோய் என்று சொல்லி டாக்டர் பிர்ஃபெனிடோன் மாத்திரை எழுதியிருந்தால், பாதி வைத்தியம் சமையலறையில்தான். தினம் மூன்று வேளை, முதல் வாரம் வேளைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் மூன்று என்று ஏற்றுவார்கள். அப்பாவுக்கு முதல் இரண்டு வாரமும் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் காலைக் காபியோடு மூன்றையும் மொத்தமாக விழுங்கினார், கொஞ்ச நேரத்தில் தலைசுற்றல், குமட்டல், "இந்தச் சனியனே வேண்டாம்" என்று அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார்.

வெறும் வயிற்றில் போட்டால் அரை மணியிலேயே ரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போய்விடும். சாப்பாட்டோடு போட்டால் உச்சம் வர மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் ஏறக்குறைய பாதி உயரம்தான், ஆனால் உடம்பில் சேரும் மொத்த மருந்து 16 சதவீதம் போலத்தான் குறையும். அதனால் இப்போது ஒரு இட்லி தின்றதும் ஒன்று, இன்னொரு இட்லிக்கு அப்புறம் அடுத்தது, கடைசி இட்லியின் நடுவே மூன்றாவது. குமட்டல் முழுக்கப் போகவில்லை, தாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

மூன்று வேளை எதற்கு என்றால், உச்சத்தைத் தொட்ட பிறகு இது மூன்று மணி நேரத்துக்கெல்லாம் ரத்தத்தில் பாதியாகிவிடும். பெரும்பகுதியைக் கல்லீரலில் சிப்1ஏ2 என்ற நொதி உடைக்கிறது, கழிவு சிறுநீரில் போகிறது. பீடி, சிகரெட் புகை இந்த நொதியை முடுக்கிவிடும், புகைப்பவர் உடம்பில் மருந்து பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கி ஊதித் தள்ளுவானேன்? சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இதற்கு நேர் எதிர், அது நொதியைத் தடுத்து மருந்தைக் கூட்டிவிடும், ஆகவே காய்ச்சலுக்குப் போனாலும் பிர்ஃபெனிடோன் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, மூச்சு எப்போது லேசாகும்? ஆகாது, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். தழும்பு போடச் சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகளை அடக்கி, தழும்பின் நார்ப்புரதமான கொலாஜன் சேர்வதை இது மெதுவாக்குகிறது, விழுந்த தழும்பை அழிக்காது. பலன் தெரிவது ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், நுரையீரலின் திறனைக் காட்டும் எண் இறங்கும் வேகம் குறைவதில்தான்.

லிவர் டெஸ்ட் முதல் ஆறு மாதம் மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கலாம், முழுக்கை சட்டை, குடை, சன்ஸ்க்ரீன் மூன்றும் வேண்டும்.

ஒரு வேளை விட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். தொடர்ந்து 14 நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, டாக்டரிடம் கேட்டு மறுபடி வேளைக்கு ஒன்றிலிருந்துதான்.