பினாங்கில் முண்டு மிளகாய் வளர்ப்போர் கவனத்திற்கு
தமிழ்நாட்டின் இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்னும் உருண்டை வடிவ மிளகாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழையே பெறும் அம்மாவட்டத்தின் கரிசல் நிலத்தில், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைப் பிடித்து வளர்ந்து, மழை ஓய்ந்தபின் மாசி, பங்குனி வெயிலில் பழுக்கும் மானாவாரிப் பயிராகும். 2,000 மி.மீ.க்கும் மேல் மழை பொழியும் பினாங்கில் அச்செடியை வெட்டவெளியில் விட்டால் வேர் அழுகிவிடக்கூடும் என்பதால், வெயில் விழுந்தும் மழைச்சாரல் படாத மாடி முகப்பில் சாடியை வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் கலப்பது அவசியம்; உரத்தைவிட இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். விரலை நுழைத்துப் பார்த்து, மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். அக்டோபரில் கூரையின்கீழ் நாற்று விட்டால், மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் செடி பூத்துக் காய்க்கும்.